வெடி என்று சொன்ன வாய்

ஆஸ்பத்திரித் தரையில் கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் சவிரியின் சாரத்திலிருந்தும் சொட்டியது, தள்ளுவண்டியில் கிடந்த எங்கள் கரைப் பெடியன் ரஞ்சனின் கால்களிலிருந்தும் சொட்டியது. துடைக்க வந்த பெண் எங்கள் முகங்களைப் பார்த்ததும் தும்புத்தடியைச் சுவரோடு சாய்த்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ரஞ்சனின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உதடுகள் மட்டும் நீலம் பாரித்திருந்தன.

அவனைப் பார்க்க வந்த டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. என் மகளின் வயதுதான் இருக்கும். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"என்ன நடந்தது இவருக்கு?"

சவிரிதான் பதில் சொன்னார். "போட்டில இருந்து வழுக்கி விழுந்திட்டான், டொக்டர். தலை அடிபட்டிருக்கும். நல்லாத் தண்ணி குடிச்சிட்டான்."

டொக்டர் ரஞ்சனின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். இமையை விரித்து வெளிச்சம் அடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை வயிற்றில் வைத்தார். அரை மயக்கத்தில் கிடந்தவன் முழங்கால்களை மடக்கிக்கொண்டு முனகினான். அவர் நிமிர்ந்து, சவிரியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, எனக்குப் பொலிஸ் வேலை இல்லை. எனக்கு இவர் வேலை. தண்ணிக்குள்ள என்ன நடந்தது?"

சவிரியின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது.

"வெடி," என்றேன். "தண்ணிக்குள்ள வெடி வெடிச்சது. இவன் அதுக்குக் கிட்ட நிண்டவன்."

டொக்டர் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சத்தம் போட்டார். தள்ளுவண்டியின் சக்கரங்கள் ஓடின. கதவு சாத்தப்பட்டது. சவிரி என் கையை விட்டார்.

"என்ன செய்துபோட்டாய், பிலோ?" என்று மட்டும் கேட்டார்.

கரையில் ஒப்புவித்த கதை

எங்கள் கல்யாணத்தைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பொரு வாரம் எழுதினபோது, தன்னைக் கோமாளியாக்கிவிட்டேன் என்று சவிரி என்னோடு கோபித்துக்கொண்டார். இந்த வாரத்துக் கதையை அவரேதான் எழுதச் சொன்னார். "நான் பொய் சொன்னதையும் எழுது. விடாதை" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருகோணமலைப் பட்டினத்துக்கும் கிண்ணியாவுக்கும் நடுவில், குடாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னக் கரை. அங்கே ஒரு மாதா கோயில், ஒரு ஐஸ் கொட்டில், நான் படிப்பிக்கிற முன்பள்ளி. பிள்ளைகளின் பாட்டு நின்றால் அலைச் சத்தம் கேட்கும். அவ்வளவு கிட்ட.

அன்று காலை பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது சவிரியின் போட் வழக்கத்துக்கு மாறாக முழு வேகத்தில் கரைக்கு வந்தது. சவிரியின் மடியில் ரஞ்சன் கிடந்தான். அவன் எங்கள் போட்டில் போனவன் இல்லை. சம்மாட்டியாரின் போட்டில், கடலுக்குள் மூழ்கிச் சுழியோடப் போனவன்.

சம்மாட்டியார் என்றால் பல போட்டுகளுக்குச் சொந்தக்காரர், எங்கள் கோயில் திருநாள் சபைக்குத் தலைவர். நல்லது கெட்டது எதற்கும் முன்னுக்கு நிற்பவர். அவருடைய போட்டொன்று கொஞ்சக் காலமாகவே வெடி போட்டு மீன் பிடித்தது. அது சட்டத்துக்கு விரோதம் என்பது கரையில் எல்லாருக்கும் தெரியும். தெரியாததுபோல எல்லாரும் இருந்தோம்.

அன்று போட்ட முதல் வெடிக்குச் செத்து அடியில் தாழ்ந்த மீனைப் பொறுக்க ரஞ்சன் குதித்திருக்கிறான். அவன் மேலே வருமுன் போட்டில் நின்ற மற்றவன் இரண்டாவதைப் போட்டுவிட்டான். தண்ணீர் எழும்பி விழுந்ததைப் பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த சவிரி கண்டார். போட்டில் இருந்தவன் பயத்தில் உறைந்துபோய் நிற்க, இவர்தான் பாய்ந்து ரஞ்சனைத் தூக்கினார்.

ரஞ்சனின் மனைவி ஜெனிற்றா ஊரில் இல்லை. மகளையும் கூட்டிக்கொண்டு இலங்கைத்துறையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அதனால் சவிரியோடு நானும் ஓட்டோவில் ஏறி ரஞ்சனின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஓட்டோ புறப்படும்போது சம்மாட்டியார் குனிந்து உள்ளே பார்த்தார். குரல் தணிவாக இருந்தது.

"வழுக்கி விழுந்தவன் எண்டு சொல்லுங்கோ. வேற ஒரு கதையும் வேண்டாம். பெடியனுக்கும் அதுதான் நல்லம், எங்கள் எல்லாருக்கும் நல்லம்."

சவிரி தலையாட்டினார். நான் ஆட்டினேனா என்று இப்போது நினைவில்லை.

உடைந்த முள்

வெடி போட்ட மீனைச் சமைக்கிற எங்கள் குசினிப் பெண்களிடம் மறைக்க ஏலாது. வெளியே பார்க்க நல்ல பாரை மீனாகத்தான் இருக்கும். வெட்டினால் நடுமுள் உடைந்து, உள்ளே இரத்தம் கன்றியிருக்கும். தசை கையில் மாவாகக் குழையும்.

நான் அதைப் பல தடவை வெட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது எனக்கு வேதாகம வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. செபித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. காயமே இல்லாத அந்த வயிற்றைப் பார்த்தேன், என் கத்திக்குக் கீழே குழைந்த மீன்தான் நினைவுக்கு வந்தது. அந்த நினைவை ஆண்டவர்தான் தந்தார் என்று இன்று நம்புகிறேன்.

ரஞ்சனின் குடல் உள்ளே கிழிந்திருந்தது. நெஞ்சும் பாதிக்கப்பட்டிருந்தது. தலையில் அடி என்று நினைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பின்னேரத்துக்குள் கைமிஞ்சிப் போயிருக்கும் என்று டொக்டர் பிறகு சொன்னார். ஒப்பரேஷன் முடிந்து வெளியே வந்தவர் என் தோளில் கையை வைத்து, "நல்லது சொன்னீங்க" என்றார். அந்தப் பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

விலங்கு

உயிர் தப்பினதோடு கதை முடிந்திருந்தால் கரை முழுக்க எனக்கு மாலை போட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து பொலிசுக்குத் தகவல் போனது. அவர்கள் வந்து கேட்டார்கள். டொக்டருக்குச் சொன்னதையேதான் அவர்களுக்கும் சொன்னேன். டொக்டருக்கு ஒரு உண்மை, பொலிசுக்கு ஒரு உண்மை என்று என்னிடம் இரண்டு இருக்கவில்லை. அந்தமுறை சவிரியும் தான் கண்டதைச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், ஆனால் சொன்னார்.

சம்மாட்டியாரைப் பிடித்தார்கள். வெடி போட்டவனையும் பிடித்தார்கள். ரஞ்சனும் வெடி போட்ட போட்டில் போனவன்தானே, அவனும் குற்றவாளி. வார்டில் அவனுடைய காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டார்கள்.

அடுத்த நாள் ஜெனிற்றா வந்தாள். பஸ்ஸில் அழுதழுது வந்த முகம். புருஷனின் வயிற்றுக் கட்டைப் பார்த்தாள், கால் விலங்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆர் சொன்னது?"

"நான்தான், பிள்ளை."

"உயிரைக் காப்பாத்திப்போட்டு விலங்கில கட்டிவிட்டீங்களே, ரீச்சர்! என்ர பிள்ளைக்கு நான் என்னெண்டு சொல்லுவன், அப்பா எங்க எண்டு கேட்டா?"

நான் கொண்டுபோன கஞ்சிப் போத்தலை அவள் வாங்கவில்லை. திரும்பக் கொண்டுவந்தேன்.

யாரும் வராத காலைகள்

கடற்கரையில் வளராதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒரு போட்டைக் கரையேற்ற இரண்டு பேரால் முடியாது. அதற்குப் பல தோள்கள் வேண்டும். அதனால் எங்கள் கரையில் யாரும் யாரையும் உதவிக்குக் கூப்பிடுவதில்லை. போட் மண்ணைத் தொட்டால் கிட்ட நிற்பவர்கள் தாங்களாகவே வருவார்கள். பகைவனின் போட்டென்றாலும் வருவார்கள். சண்டைக் காலத்தில், எல்லாரும் கோயிலுக்குள் பாய் விரித்துப் படுத்திருந்த நாட்களிலும் அந்த வழக்கம் நிற்கவில்லை, நானே கண்டிருக்கிறேன்.

அது எங்களுக்கு நின்றது.

சவிரி கரைக்கு வந்து சேருவார். நின்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், தேத்தண்ணிக் கடைப் பக்கம் நடப்பார்கள். நான் பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்குவேன். உருளைக் கட்டையை வைத்து நானும் அவரும் தள்ளுவோம். போட் ஒரு முழம் ஏறும், அரை முழம் இறங்கும்.

முன்பள்ளியும் வெறுமையானது. பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிற்பாட்டினார்கள். "காய்ச்சல், ரீச்சர்" என்றார்கள் முதலில். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். கோயிலடித் தையல்காரரின் மகள் மட்டும் வந்தாள். அந்த ஒருத்திக்காக மணி அடித்தேன், பாட்டுப் பாடினேன். "ஓடிப்பிடிக்க ஆளில்லை" என்று அவள் அழுதபோது நானே ஓடினேன். இந்த வயதில் நான் ஓடின ஓட்டத்தைப் பார்த்து அவள் வயிறு நோகச் சிரித்தாள். அந்த நாட்களில் அந்தச் சிரிப்பு எனக்கு மருந்து.

சவிரிக்கும் என்மேல் கோபம் இருந்தது. ஒரு கிழமை மட்டில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ சொன்னது சரிதான், பிலோ. நான்தான் சொல்லியிருக்க வேணும். நான் தூக்கினவன், நான் கண்டவன்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் நிற்பாட்டவில்லை.

"ஒண்டு மட்டும் கேள். நான் சரிதான் எண்டு முகத்தில எழுதி ஒட்டிக்கொண்டு திரியாதை. ஜெனிற்றாவுக்கு அதைப் பாக்கத்தான் ஏலாமல் கிடக்கு."

அது சுட்டது, உண்மையாக இருந்தபடியால். அதற்குப் பிறகு செபமாலை சொல்லும்போது முதலில் ஜெனிற்றாவின் பெயரைச் சொல்லத் தொடங்கினேன், அடுத்ததாகச் சம்மாட்டியாரின் பெயரை. ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். பெயர் சொல்லிச் செபித்த ஆளை வீதியில் கண்டு முகத்தைத் திருப்புவது கொஞ்சம் கஷ்டம். நான் கண்டுபிடித்த ஆன்மீகம் அவ்வளவுதான்.

லொறியில் வந்தவர்

நஸீர் நானா கிண்ணியாவில் இருந்து மீன் வாங்க வருபவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். எங்கள் அம்மா காலத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள், 'பாதை' என்று சொல்லுகிற தட்டைப் படகில் ஏறித்தான் இந்தப் பக்கம் வருவார்கள். காற்றடித்தால் அது நின்றுவிடும். கிண்ணியாவுக்குக் கல்யாணத்துக்குப் போன எங்கள் மாமி ஒருத்தி திரும்ப முடியாமல், அவர்கள் வீட்டில் நாள் கணக்கில் இருந்து வட்டிலப்பம் அவிக்கப் பழகிக்கொண்டு வந்தாள். இப்போது பாலம் வந்துவிட்டது, நானாவின் லொறி ஐஸ் உருகுமுன் வந்து திரும்பிவிடும்.

ஒருநாள் காலை நாங்கள் இரண்டுபேரும் தள்ளுவதை அவர் கண்டார்.

"என்ன சவிரி, மத்தவங்க எங்க?"

நானா கரையைச் சுற்றி ஒருதரம் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். லொறிச் சாரதியையும், பெட்டி ஏற்றுகிற ஆட்களையும் கூப்பிட்டார். எல்லாருமாகத் தோள் கொடுத்தார்கள். போட் ஏறியது. அதற்குப் பிறகு எங்கள் போட் வருகிற நேரம் பார்த்தே லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அது சும்மா நடக்கவில்லை. சம்மாட்டியார் பிணையில் வந்ததும், நானாவுக்கு மீன் கொடுக்கவேண்டாம் என்று கரையில் சொல்லிவிட்டார். பலர் நிற்பாட்டினார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை.

"எங்களால உங்களுக்கேன் நட்டம், நானா? நீங்கள் விலகிக்கொள்ளுங்கோ."

அவர் தலைத் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "ஒரு மனிசனைச் சாக விடாம சொன்னதுக்கா விலகிற? அல்லாஹ் கேட்டா நான் என்ன சொல்ல, ரீச்சர்? மீன் வேற கரையிலயும் வரும்."

என் விசுவாசத்தைத் தாங்கிப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர் என்று எழுதினால் சிலருக்குப் புதினமாக இருக்கும். எனக்கு இல்லை.

அந்த வாசகம்

கோயிலில் ஞாயிறு வாசகம் வாசிப்பது நான். திருநாள் சபைக்காரர் சிலர் பாதரிடம் போய், வேறு ஆளை வாசிக்க விடும்படி கேட்டிருக்கிறார்கள். பாதர் இளம் ஆள், வந்து ஒரு வருஷம்கூட இல்லை. பயந்துதான் இருந்தார். ஆனாலும் என்னிடம் வந்து, "நீங்களே வாசியுங்கோ, அக்கா" என்றார்.

புத்தகத்தைத் திறந்தால் அந்த ஞாயிறுக்கு விழுந்திருந்தது, நன்மை செய்துவிட்டுத் துன்பப்படுகிறவர்களைப் பற்றிய பகுதி! நான் வேண்டுமென்று தேடி எடுத்து அவர்களுக்கு வாசித்ததுபோல இருக்கும். "பாதர், இதைத் தயவுசெய்து நீங்கள் வாசியுங்கோ" என்று கெஞ்சினேன். அவர் சிரித்துவிட்டார். "அது உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு. வாசியுங்கோ."

தலை நிமிராமல் வாசித்தேன். நடுவில் ஆட்கள் இருக்கிற வாங்குகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. சிலர் எழும்பிப் போனார்கள். வாசித்துக்கொண்டு போகையில், பழிக்குப் பழி செய்யாதே என்ற கருத்து வருகிற இடத்தில் என் குரல் தடுமாறியது. எழும்பிப் போனவர்களுக்கு அல்ல, எனக்குத்தான் அது வாசிக்கப்பட்டது. அன்று பூசை முடிந்தபின் மாதாவின் முன் நெடுநேரம் இருந்தேன். ஊரை விட்டுப் போய்விடலாம் என்று அதுவரை மனதுக்குள் வைத்திருந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு எழும்பினேன்.

வாடைக் காற்று

ரஞ்சன் மறியல் சிறையில் கொஞ்சக் காலம் இருந்து வந்தான். தண்டம் கட்டினார்கள். ஒரு காது கேட்காமல் போயிருந்தது, இனிச் சுழியோட ஏலாது. ஜெனிற்றா என்னைக் கண்டால் வேலிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வாடை தொடங்கிய ஒரு விடிகாலை, கடல் திடீரென்று கொந்தளித்தது. எல்லாப் போட்டுகளையும் மேட்டுக்கு இழுக்கவேண்டும். சவிரி காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தார். பாலத்துக்கு அங்காலும் அதே காற்றுத்தான், நானாவின் லொறி வர வழியில்லை. நான் மட்டும் மழையில் இறங்கினேன்.

மற்றப் போட்டுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. எங்களுடையது மட்டும் அடியில் கிடந்தது. அலை அதன் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் தோளை வைத்துத் தள்ளினேன். உருளைக் கட்டை வழுக்கி ஓடியது. "ஆண்டவரே, போட் போனாலும் போகட்டும், எனக்கு இவர்களில் வெறுப்பு வராமல் பாரும்" என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் முழு மனதோடு கேட்ட மன்றாட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

மற்றப் பக்கத்தில் யாரோ கை வைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். ஜெனிற்றா. நனைந்த தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது.

"பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. தள்ளுங்கோ!"

இரண்டு பெண்கள் தள்ளிப் போட் அசையுமா? அவள் கையை எடுக்காமலே மேட்டில் நின்ற ஆண்களைப் பார்த்துக் கத்தினாள்.

"என்ர மனுசனைக் கரைக்குக் கொண்டுவந்த போட் இது! இதைக் கடலுக்குக் குடுத்துப்போட்டுப் பாத்துக்கொண்டு நிக்கப் போறீங்களோ?"

ஒருவரும் உடனே அசையவில்லை. பிறகு ரஞ்சன்தான் முதலில் இறங்கினான். வயிற்றுக் காயம் முழுக்க ஆறாதவன், பாரம் தூக்கக்கூடாதவன். அதைப் பார்த்துவிட்டு யாரால் நிற்க முடியும்? ஓடி வந்தார்கள். அவனைத் தள்ளிவிட்டுத் தாங்கள் தோள் கொடுத்தார்கள். ஒரே குரல், ஒரே இழுவை. போட் மேட்டில் ஏறியது. யாரும் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் ஒருவர் கயிற்றைக் கட்டி, அதை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சம்மாட்டியார் வரவில்லை. வந்தவர்களைத் தடுக்கவும் இல்லை.

ஜெனிற்றா சேலையைப் பிழிந்துகொண்டு நின்றாள். "எல்லாம் சரியாப் போச்செண்டு நினைக்காதேங்கோ, ரீச்சர். நீங்கள் சொல்லேல்லையெண்டா நான் இண்டைக்கு விதவை. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோவம் போகுதில்லை."

"கோவத்தோடயே வீட்ட வாங்கோ. தேத்தண்ணி தாறன்."

அன்று அவள் வரவில்லை.

ஒரு ஞாயிறு

ஜெனிற்றா வந்தது தைப்பொங்கல் கழிந்து. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்பள்ளி வாசலில் நின்றாள். "விடுங்கோ, படிக்கட்டும்" என்றாள், வேறு கதை இல்லை. அடுத்த கிழமை இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள். தையல்காரரின் மகளுக்கு ஓடிப்பிடிக்க ஆட்கள் கிடைத்தார்கள், என் முழங்கால்களுக்கு விடுதலை கிடைத்தது. ரஞ்சன் சவிரியின் போட்டில் போகத் தொடங்கினான். கேட்கிற காதைச் சவிரியின் பக்கம் வைத்துக்கொண்டுதான் போட்டின் முன் அணியத்தில் இருப்பானாம்.

சம்மாட்டியார் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அவருடைய போட் வெடி போடுவதும் இல்லை. அவரது பெயர் என் செபமாலையில் அப்படியே இருக்கிறது. இப்போது பல்லைக் கடிக்காமல் சொல்கிறேன்.

போன வருஷம் ஜெனிற்றாவுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. ஒரு பின்னேரம் வந்து குசினிக் கதவோடு நின்றாள்.

"வாற ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீங்கள்தான் ஞானத்தாயா நிக்க வேணும்."

"கோவம்...?" என்று தொடங்கினேன்.

"அதைக் கேக்காதேங்கோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிண்டாப் போதும்."

நின்றேன். ஞானஸ்நானத் தொட்டியின் முன் பிள்ளை நெளிந்து வீறிட்டான். பாதர் தண்ணீரை ஊற்றியபோது கோயில் முழுக்க ஆட்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நானாவும் வந்து கடைசி வாங்கில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

பிறகு ரஞ்சன் வீட்டில் சாப்பாடு. இருக்கக் கதிரைகள் போதாமல் பாதிப்பேர் பாயில் இருந்தோம். ஜெனிற்றா எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டு வந்தாள். என் கோப்பையில் பாரைத் தலையை வைத்தாள். நான் போதும் என்று கையால் மறித்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டு, குழம்பையும் ஊற்றினாள்.

"சாப்பிடுங்கோ, அக்கா."

அதுவரை அவளுக்கு நான் ரீச்சர்தான். மாற்றிச் சொன்னதைத் தானே கவனிக்காமல் அவள் அடுத்த பாய்க்குப் போய்விட்டாள். நான் குழம்பில் சோற்றைப் பிசைந்தேன். ஆண்டவருக்குத் தோத்திரம், அந்த வீட்டில் இன்றைக்கும் எனக்கு அதுதான் பெயர்.